பத்து மணிக்கு மேல் ஸ்டார்ட் ஆகும் கார்

அப்பாவின் காருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. காலை ஆறரை மணிக்குச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் அதுவும் இல்லை. பத்து மணி வெயில் பானெட் மேல் விழுந்த பிறகு போய்த் திருப்பினால், எதுவுமே நடக்காதது போல முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். தினமும் இப்படி இல்லை. ஒரு வாரம் மூன்று நாள் மக்கர் செய்யும். அடுத்த பதினைந்து நாள் ஒரு குறையும் இருக்காது. மெக்கானிக் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.

எட்டு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். பழைய வண்டியை விற்க மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது உதவும் என்று நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

கார் 1997ல் வாங்கியது. அப்பா அப்போது அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். பி.எஃப். கடன் போட்டு வாங்கினார். கார்புரேட்டர் வண்டி, உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. இன்றைய வண்டிகளில் ஸ்கேனரைச் சொருகினால் எங்கே குறை என்று ஓரளவுக்காவது சொல்லும். இதில் பேட்டரி, ஒயர், சுவிட்ச், பல்பு, மோட்டார் இவ்வளவுதான். இருப்பது குறைவு என்பதால் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். விட்டு விட்டு வரும் கோளாறில் அந்தக் கணக்கு எடுபடவில்லை.

காலையில் ஸ்டார்ட் ஆகாதது ஒரு குறைதான். இன்னும் இரண்டு இருந்தன. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி என்ஜின் அணைந்து மறுநொடி பற்றிக்கொள்ளும், யாரோ பின்னாலிருந்து வண்டியை வெடுக்கென்று இழுத்துவிட்ட மாதிரி. ஒருமுறை புதுச்சேரி ரோட்டில் கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் முழுசாகவே நின்று, பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. அப்பா பக்கத்து சீட்டில் இருந்தார். அன்று என் கை நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை. மூன்றாவது சின்னக் குறை. பிரேக்கை அழுத்தினால் பின்பக்க இடது இண்டிகேட்டர் மங்கலாக எரியும்.

எங்கள் வீடு கடலூரில் குண்டு உப்பலவாடி பக்கம். ஊர்ப் பேருக்கு ஒரு கதை உண்டு. 1690ல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்தி என்று ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. பீரங்கிக் குண்டே எட்டும் தூரத்துக்குக் கடல் காற்று எட்டுவதில் ஆச்சரியம் இல்லை. ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், சைக்கிள் செயின் எதுவும் இங்கே நீண்ட நாள் உழைக்காது. உப்பு படிந்த இடம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். அந்த ஈரம் இரும்பையும் செம்பையும் மெல்ல மெல்ல அரிக்கும்.

ஆனாலும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோதுகூட இந்தக் காருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டியது 2024ல். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் அங்கே 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் புகுந்தது. கார் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தண்ணீரில் நின்றது. சீட் வரை ஏறவில்லை, கீழ்த்தரை மட்டம்தான். வடிந்ததும் கழுவி, ஆயில் மாற்றி, கால்மிதி மேட் எல்லாம் காயவைத்து ஸ்டார்ட் செய்தோம். உடனே ஸ்டார்ட் ஆனது. தப்பித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம். ஆறு மாதம் கழித்து அந்த ‘டக்’ சத்தம் ஆரம்பித்தது.

வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போன அன்றைக்கே ஒயர் கெடுவதில்லை. ஒயருக்குள் மெல்லிய செம்பு இழைகள் நிறைய இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்த இழைகளின் இடுக்கு தண்ணீரை மேலே இழுக்கும். வெளியே பிளாஸ்டிக் உறை காய்ந்து பளபளவென்று இருக்கும். உள்ளே ஈரம் இருந்துகொண்டு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

சரி, நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் பேட்டரி மாற்றினோம், 4,600 ரூபாய். பன்னிரண்டு நாள் குறையே இல்லை. பதிமூன்றாம் நாள் ‘டக்’. அடுத்து, என்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றி, அதன் மேல் இருக்கும் சுவிட்சையும் புதுசாகப் போட்டார்கள், 2,200 ரூபாய். மூன்று வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய கதை. அதன் பிறகு, ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவுக்கு சர்வீஸ். அதற்கும் பத்து நாள் நிம்மதி.

ஒவ்வொரு தடவையும் குறை ஏன் கொஞ்ச நாள் மறைந்தது? இந்தக் கேள்வியை நான் முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற வேண்டுமானால் அதன் ஒயரை அசைக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டுமானாலும் அதே ஒயரை நகர்த்த வேண்டும். டைனமோ வேலைக்கும் முதலில் பேட்டரி ஒயரைத்தான் கழற்றுவார்கள். புதுப் பொருள் எதுவும் குறையைத் தீர்க்கவில்லை. அந்த ஒயரில் கை பட்டதுதான் மருந்தாக இருந்தது. விட்டு விட்டு வரும் கோளாறில், ரிப்பேருக்குப் பிறகு வண்டி ஓடுவதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அதை நம் கண் முன்னால் வரவழைக்க வேண்டும். வந்து நிற்கும் அந்த நேரத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். அது வரைக்கும் எந்தப் பொருளையும் மாற்றக்கூடாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கடலூர் முதுநகரில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்கிற ஓர் அண்ணன். முப்பது வருஷமாகத் துறைமுகத்துப் பக்கமே இருக்கிறவர். என் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் பெரியப்பா. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பையன் மூலமாகச் சேதி சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து இறங்கினார். பானெட்டைத் திறக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, “எப்பெப்ப வருது டீச்சர்? அத மொதல்ல சொல்லுங்க” என்றார்.

அப்பா உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். 1997 முதல் காருக்கு என்று அவர் வைத்திருக்கும் நோட்டு, இப்போது ஓடுவது நான்காவது. பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், டயர் மாற்றியது எல்லாம் அவருடைய மணி மணியான கையெழுத்தில் இருக்கும். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு மக்கரையும் எழுதிவைத்திருந்தார். ‘காலை 6.40. ஒரு சத்தம். முகப்பு விளக்கு பிரகாசமாக எரிகிறது. இரவு மழை.’ ‘காலை 7.00. சத்தம் இல்லை. மழை இல்லை, பனி.’ ‘முள்ளோடை தாண்டி ஒரு நொடி நின்றது. மேடு.’ ‘கிருமாம்பாக்கம். முழுதும் நின்றது. மீட்டரில் சிவப்பு விளக்கும் எரியவில்லை.’

அண்ணன் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அப்புறம் சில பக்கங்கள் முன்னால் போய், “ஆக்சிலேட்டர் கேபிள் ஆறு மாசத்துல ரெண்டு தடவ மாத்தி இருக்கீங்களே சார், ஏன்?” என்றார்.

கேபிள் உள்ளே இறுகிப்போய் மிதி திரும்பி வராமல் நின்றது. மழைக்காலம், துரு என்று நினைத்து மாற்றினோம். அதற்கும் ஸ்டார்ட் ஆகாததற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“இது ஒரு கோளாறு இல்ல சார், ரெண்டு. காலைல வர்றது வேற. ரோட்டுல வர்றது வேற. ரெண்டையும் ஒண்ணா வெச்சுத் தேடுனதாலதான் எதுவும் கிடைக்கல” என்றார்.

அன்று அவர் சொன்ன விளக்கம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. படகில் ஒவ்வொரு பல்புக்கும் இரண்டு ஒயர் போகும். மரமும் ஃபைபரும் கரன்ட்டைக் கடத்தாது என்பதால் போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று. காரில் போவதற்கு மட்டும்தான் ஒயர். திரும்புவது தகரம் வழியாக, பாடி வழியாக. அந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பேர். பேட்டரியின் மைனஸிலிருந்து எங்கள் காரில் இரண்டு எர்த் ஒயர் கிளம்புகிறது. மெல்லியது பாடிக்கு. தடித்தது கீழே கியர் பாக்ஸுக்கு. விளக்கு, ஹாரன் எல்லாம் மெல்லியதை நம்பி இருக்கின்றன. செல்ஃப் மோட்டார் என்ஜினோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பதால் தடித்ததை நம்பி இருக்கிறது.

தடித்த ஒயர் கெட்டுப்போனால் முகப்பு விளக்கு பிரகாசமாகவே எரியும். ஏனென்றால் அதன் வழி வேறு. ஆனால் சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டாரின் கரன்ட் திரும்பிப் போக வழி தேடும். என்ஜினையும் பாடியையும் சேர்த்துக்கொண்டிருக்கும் வேறு உலோகம் எது? ஆக்சிலேட்டர் கேபிளின் சுருள் கம்பி. கையளவு தடிமனுள்ள வாய்க்காலில் போக வேண்டிய தண்ணீரை ஊசித் துளையில் விட்டால் எப்படி? கேபிள் சூடாகி, உள்ளே பிளாஸ்டிக் உருகி, கம்பி இறுகிவிடும். அப்பாவின் நோட்டில் அந்த இரண்டு கேபிளும்தான் ஜூன் மாதத்திலிருந்தே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

“இப்ப ஒயர மாத்திடலாமா அண்ணே?” என்று கேட்டேன். “மாத்தலாம். ஆனா பாக்காம மாத்துனா நாளைக்கு மறுபடி சந்தேகம் வரும். அது வர்ற காலைல கூப்புடுங்க” என்று சொல்லி மீட்டரை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். எங்கே வைக்க வேண்டும் என்று காட்டியும் கொடுத்தார். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை என்ஜின் மேல் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில், கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் கட்டையில். ஒயரின் கவ்வி மேல் வைக்கக்கூடாது, ஈயக் கட்டையின் மேலேயே வைக்க வேண்டும். அப்போதுதான் கவ்விக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் குறையும் சேர்ந்து தெரியும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும்.

நல்ல ஒயராக இருந்தால் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் வோல்ட் ஏறக்குறைய இருக்கவே கூடாது. 0.2க்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ குறை.

ஒன்பது நாள் காத்திருந்தோம். நல்ல நாட்களில் 0.4 காட்டியது. அதுவே அதிகம்தான். பத்தாம் நாள் காலை, ராத்திரி முழுக்கத் தூறல். அப்பா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ‘டக்’. மீட்டரில் 5.8.

நான் கணக்கு டீச்சர் என்பதால் அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தோஷமாகவே இருந்தது. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை போதும், 100 ஆம்பியரில் 5 வோல்ட் அங்கேயே தின்றுவிடும். மோட்டாருக்கு ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். அதே ஒயரை மீட்டரில் ஓம் வைத்து அளந்தால் குறை தெரியவே தெரியாது. மீட்டரின் சொந்த ஒயருக்கே அதைவிடக் கூடுதல் தடை இருக்கும். நூறு இழை அறுந்து ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் ‘நல்ல ஒயர்’ என்றுதான் சொல்லும். அது அனுப்பிப் பார்க்கும் கரன்ட் அவ்வளவு சின்னது. அதனால்தான் ஒயரைச் சுமை ஏற்றி அளக்க வேண்டும். முன்பு ஒருவர் இதே ஒயரை மீட்டரின் ‘பீப்’ சத்தம் வைத்துப் பார்த்துவிட்டு ஒயரில் குறை இல்லை என்று சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும்.

அண்ணன் வந்தார். பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றினார். இதை யாரும் மாற்றிச் செய்யக்கூடாது. பிளஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். மைனஸ் கழன்றுவிட்டால் அந்தப் பயம் இல்லை. பிறகு கியர் பாக்ஸ் பக்கம் இருந்த முனையைக் கழற்றி, கத்தியால் உறையைக் கீறினார்.

உள்ளே செம்பே இல்லை. பச்சைப் பொடி. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு அப்படி. நடுவில் ஏழெட்டு இழை மட்டும் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏறி என்ஜின் அறை சூடானதும் முனையும் போல்ட்டும் சற்றே விரிந்து அந்த இழைகள் அழுத்திப் பிடித்துக்கொண்டன போலிருக்கிறது. பத்து மணிக் கணக்கு அதுதான்.

அப்பா அந்தப் பொடியை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். “செம்பில் களிம்பு மாதிரி ஆணவமலம் என்கிற அழுக்கு உயிரோடு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தத்தில் சொல்வார்கள்” என்றார். திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர், அவருக்கு அது வாயில் வரத்தானே செய்யும். அண்ணன் ஒயரைப் பார்த்தபடியே, “இது கூடப் பொறந்தது இல்ல சார். கடல்லயிருந்து வந்தது. எடுத்துடலாம்” என்றார். அப்பாவின் முகம் அன்று மலர்ந்த மாதிரி நான் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

படகுக்குப் போடுகிற ஒயரில் ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார். அதில் ஒவ்வொரு செம்பு இழைக்கும் வெள்ளீயப் பூச்சு உண்டு, அதனால் உப்பு சீக்கிரம் பிடிக்காது. போல்ட்டில் மாட்டுகிற லக் முனையைக் கருவியால் நெருக்கி அழுத்தி, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவை மேலே ஏற்றினார். கியர் பாக்ஸில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரிகிற வரை தேய்க்கச் சொன்னார். நான்தான் தேய்த்தேன். பாடியில் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் சுரண்டி எடுத்தோம். இறுக்கி முடித்த பிறகுதான் மேலே வாசலின் தடவினார். முன்னாலேயே தடவிவிட்டு இறுக்குவது அவருக்குப் பிடிக்காது. மறுபடி அளந்தோம். 0.12.

பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து 900 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதற்கு முன்னால் நாங்கள் மாற்றிய பொருட்களுக்குப் போனது எட்டாயிரத்துக்கு மேல். அந்த மெக்கானிக்குகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒயரைத் தேடி அரை நாள் செலவழித்தால் அந்த அரை நாளுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. “என்ன மாத்துனீங்க?” என்றுதான் கேட்கிறோம். கையில் காட்ட ஒரு பழைய பொருள் இருந்தால்தான் கூலி கிடைக்கும் என்றால் அவர்கள் பொருளைத்தான் மாற்றுவார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தேடுகிற நேரத்துக்குக் காசு கொடுக்கப் பழக வேண்டும். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

அடுத்தது ரோட்டில் நிற்கும் கோளாறு. எனக்கு அதிகப் பயம் இதில்தான். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆல்பேட்டை தாண்டினால் லாரியும் பஸ்ஸும் நெருக்கிக்கொண்டு வரும் ரோடு.

நோட்டில் இருந்த ‘சிவப்பு விளக்கும் எரியவில்லை’ என்ற வரியைத்தான் அண்ணன் பிடித்துக்கொண்டார். சாவி போட்டபடி இருக்கும்போது என்ஜின் நின்றால் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் கரன்ட்டே வரவில்லை என்று அர்த்தம். பெட்ரோல், அதைப் பற்றவைக்கப் பொறி கொடுக்கிற காயில், பிளக் எதையும் சந்தேகப்பட வேண்டாம். கரன்ட் எந்த இடத்தில் அறுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

அதற்கு அவர் செய்தது மிக எளிய வேலை. இரண்டு சின்ன 12 வோல்ட் பல்பு. ஒன்றை, சாவி போடும் இக்னிஷன் சுவிட்சுக்கு உள்ளே வரும் ஒயரில் சேர்த்தார். மற்றதை சுவிட்சிலிருந்து வெளியே காயிலுக்குப் போகும் ஒயரில் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு ஃபியூஸ் வைத்து, நீள ஒயரில் இழுத்துவந்து டாஷ்போர்டு மேல் டேப் போட்டு ஒட்டினார். இடது பல்பு உள்ளே வருவது, வலது பல்பு வெளியே போவது. “நிக்கும்போது எது அணையுதுன்னு ஐயா பாக்கட்டும். நீங்க ரோட்டப் பாருங்க” என்றார். இரண்டுமே அணைந்தால் குறை பேட்டரிப் பக்கம். வலது மட்டும் அணைந்தால் சுவிட்ச். இரண்டும் எரிந்துகொண்டிருக்க என்ஜின் நின்றால் காயில் பக்கம்.

அப்படியே மூன்று தடவை புதுச்சேரி போய்வந்தோம். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான்காவது தடவை திரும்பி வரும்போது சாயங்காலம், தென்பெண்ணைப் பாலம். பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் சக்கரம் ஏறி இறங்கும். அப்பா சட்டென்று என் கையைத் தொட்டார். “வலது பக்கம். அணைந்து எரிகிறது. மறுபடியும்.” இணைப்புக்கு ஒரு தடவை வலது பல்பு சிமிட்டியது. இடது பல்பு ஆடாமல் எரிந்தது. என்ஜின் நிற்கவில்லை, லேசாக ஓர் இழுப்பு மட்டும். பல்பு இல்லையென்றால் அந்த இழுப்பை நான் ரோட்டு மேட்டின் கணக்கில் எழுதியிருப்பேன்.

அப்பா குனிந்து சாவிக் கொத்தைப் பார்த்தார். வீட்டுச் சாவி, கேட், மொட்டைமாடி, பீரோ, அம்மாவின் தையல் மெஷின் பெட்டி, பள்ளியில் தமிழ்த்துறை அலமாரி, இன்னும் எதற்கென்றே தெரியாத இரண்டு. எல்லாம் ஒரு பித்தளை வளையத்தில். கார் குலுங்கும்போதெல்லாம் அந்தக் கொத்து ஊஞ்சலாடி இக்னிஷனை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் கொத்தைத் தாங்கிப் பிடித்தார். அடுத்த இணைப்பில் பல்பு சிமிட்டவில்லை. விட்டார், சிமிட்டியது. கெடிலம் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவையும் பார்த்தோம்.

சுவிட்சைப் பிரித்தபோது உள்ளே செம்புத் தகட்டில் பொறி தின்ற குழிகள். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் சாவி வழியாகவே நிறையக் கரன்ட் போகும், அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ள நடுவில் ரிலே என்கிற தனி சுவிட்ச் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் திறந்து மூடிய தகடு, அதில் கனமான கொத்து வேறு. சுவிட்சின் பின்பகுதி மட்டும் தனியாகக் கிடைத்தது. மாற்றினோம். கார்ச் சாவி இப்போது தனியாக ஒரு நூலில் இருக்கிறது.

இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது பத்து நிமிஷ வேலை. பின்விளக்கின் எர்த் ஸ்குரூ துருப்பிடித்திருந்தது. பிரேக் பல்பின் கரன்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து பல்புக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. உங்கள் வண்டியில் ஒரு சுவிட்சைப் போட்டால் சம்பந்தமில்லாத வேறொரு விளக்கு மங்கலாக எரிந்தாலோ, மீட்டர் முள் ஆடினாலோ, முதலில் அந்த இடத்து எர்த்தைச் சுரண்டிப் பாருங்கள்.

கோளாறை வரவழைப்பதற்கு அண்ணன் சொன்ன வேறு சில வழிகளும் உண்டு. வண்டியை ஓடவிட்டு ஒயர்க் கட்டை ஒவ்வோர் இடமாகப் பிடித்து மெல்ல அசைப்பது. ஈரத்தில் வருகிற குறை என்றால் பூவுக்குத் தெளிக்கும் ஸ்பிரேயில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இடமாக நனைத்துப் பார்ப்பது. சூட்டில் வருவது என்றால் தலைமுடி காயவைக்கும் டிரையர். ஒரு நேரத்தில் ஓர் இடம்தான், அவசரப்பட்டால் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸோ வெள்ளித்தாளோ வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும், ஒயர் உருகினால் வண்டி எரியும். பாட்டுப் பெட்டி மாட்டும்போது நல்ல ஒயரின் உறையைச் சீவி, இன்னொன்றை முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போகிறார்களே, அந்த மாதிரி எங்கள் காரில் மட்டும் ஏழு இடம் இருந்தது. கடலூர்க் காற்றில் அந்த டேப் இரண்டு வருஷத்தில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். ஏழையும் பிரித்து ஒழுங்காகச் சேர்க்க எனக்கு இரண்டு சனிக்கிழமை ஆனது.

டாஷ்போர்டிலிருந்து அந்த இரண்டு பல்பையும் கழற்றிவிடலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அப்பா வேண்டாம் என்கிறார். போன வாரம் நோட்டில் புதுசாக ஒரு வரி: ‘ஹாரன் அடிக்கவில்லை. மழை இல்லை. ஸ்டீயரிங் இடது பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தபோது மட்டும்.’ நேற்றும் அதேதான், மஞ்சக்குப்பம் மைதானத்து முனையில் இடது பக்கம் வளைக்கும்போது. ஹாரன் பொத்தானின் எர்த் ஸ்டீயரிங்குக்குள்ளே ஒரு வளையத்தில் உரசிக்கொண்டே சுற்ற வேண்டும். நாளை ஞாயிறு. காலையில் கழற்றிப் பார்க்கப் போகிறேன். மீட்டரில் புது பேட்டரி போட்டாகிவிட்டது.